மதினியின் மூளை ஸ்கேனும் நடுவழியில் நின்ற பஸ்ஸும்

போன புதன்கிழமை சாத்தான்குளத்திலிருந்து திருநெல்வேலிக்குப் போனோம். ஐம்பது கிலோமீட்டருக்கு ஒரு பயணக் கட்டுரையா என்று சிரிப்பவர்கள், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கிய ஒருவரைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் பார்க்கட்டும்.

அந்த ஒருவர் என் மதினி, அண்ணனின் மனைவி. நாலு மாதத்துக்கு முன் திடீரென்று வலது கை மரத்து, பேச்சு குழறியது. இடது பக்கக் குழாயில் சுருக்கம் என்றார்கள். மாத்திரை ஓடுகிறது. மூளைக்குப் போன ரத்தம் சிரைகள் வழியாக எப்படித் திரும்புகிறது என்றும் இந்தத் தடவை பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். இடது பக்கம் அது பிந்தினால் அங்கே ரத்தம் போதவில்லை என்று அர்த்தமாம். அப்படியானால் குழாயை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் வைக்க வேண்டி வரலாம். அந்த வார்த்தையைக் கேட்டாலே மதினி எழுந்து உள்ளே போய்விடுவார்.

காலை 6.40 பஸ். ஸ்கேனுக்கு நாலு மணி நேரம் முன்பிருந்து சாப்பிடத்தான் கூடாது, தண்ணீர் குடிக்கலாம். உடம்பு வறளவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் நம்மூர்ப் பெண்கள் பஸ் ஏறும் நாளில் தண்ணீர் குடிப்பார்களா? மதினி எழுந்ததிலிருந்து வாயை நனைக்கவில்லை.

"குடிச்சிட்டு எங்கன போய் ஒதுங்க? பேசாம வா."

எனக்கு வந்ததே கோபம். நேரே கண்டக்டரிடம் போய், எல்லோர் காதிலும் விழும்படியே சொன்னேன். "தம்பி, எங்க மதினிக்கு மூளைக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கியிருக்கு. தண்ணி குடிச்சே ஆகணும். வழியில கக்கூஸ் உள்ள இடத்துல நிப்பாட்டணும்."

மதினி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அதுக்கென்னக்கா, பெட்ரோல் பங்க்ல நிப்பாட்டுதோம். அவங்களப் பைய குடிக்கச் சொல்லுங்க" என்றார் கண்டக்டர்.

பஸ் நின்றது. மதினியோடு இறங்கித் திரும்பிப் பார்த்தால், பஸ்ஸில் இருந்த பெண்களில் பாதிப் பேர் எங்கள் பின்னால்! "நல்லாயிருப்ப தாயி. வருசக்கணக்கா இந்த பஸ்ல வயித்தப் பிடிச்சுக்கிட்டு வாரேன்" என்றார் ஒரு பூக்காரம்மா. அஞ்சு நிமிடம் என்று நிறுத்தியது கால் மணி நேரமானது. ஆண்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

புது பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்கேன் எடுக்கும் இடத்துக்கு ஆட்டோ 120 ரூபாய். ஊசியில் மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், பயப்பட வேண்டாம். மதியம் டாக்டர் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார்.

"இங்க பாருங்கம்மா. ரெண்டு பக்கச் சிரையும் ஒண்ணுபோல நிறையுது. சுருக்கம் அப்படியேதான் இருக்கு, ஆனா பக்கத்துக் குழாய்கள் ஈடுகட்டிருச்சு. இப்ப ஸ்டென்ட் வேண்டாம். மாத்திரைய மட்டும் விட்டுராதீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மதினி அழவில்லை. வெளியே வந்ததும், "பாபநாசம் பஸ் எங்கன நிக்கும்?" என்று கேட்டார்.

ஆற்றில் குளிக்க ஜனங்கள் போகும் பாபநாசத்துக்கு ஒன்றரை மணி நேரம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் ஒரே அளவு கிடையாது. பஸ் ஏறியதுமே கண்டக்டரிடம் சொல்லிவிடுங்கள். ஆற்றில் இறங்கினால் கரையோரப் படியைத் தாண்டாதீர்கள், கூட ஆள் நிற்கட்டும்.

நான் நின்றேன். மதினி இடுப்பளவு தண்ணீரில் முங்கி முங்கி எழுந்தார். அப்போது அண்ணன் போன் செய்து, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டான். போனை அவர் பக்கம் நீட்டினேன்.

"நாளைக்கு வாரேன்!" தண்ணீருக்குள் நின்றபடியே கத்தினார் மதினி. "நாலு மாசமா சாகப்போறேன்னு நெனச்சுக்கிட்டு வீட்டுக்குள்ளயே கெடந்தேன். இன்னைக்குக் குளிக்கேன்!"