அசனத் தொட்டியில் பிளீச்சிங் கொட்டியவர்

அந்தப் பாக்டீரியாவைக் கொன்றது எங்கள் வார்டு மெம்பர்தான். இன்றுவரை அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

அப்போது நான் பஞ்சாயத்தில் கொசு ஒழிப்புக்கு எடுத்த தற்காலிக ஆள். சிதறாலுக்கு அந்தப் பக்கம், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மேட்டில் எங்கள் கிறிஸ்தவ ஆலயம். முந்தின வருடம் சிக்குன்குனியா வந்து ஊரே மூட்டுவலியில் கிடந்ததால் அசனம் நடக்கவில்லை. சபையார் எல்லோரும் சேர்ந்து சமைத்து, சேர்ந்து உண்ணும் விருந்து அது. அண்டா மாதிரிப் பெரிய கிடாரத்தைக் கிண்ட ஆள் எழுந்து நின்றால்தானே நடக்கும்? இந்த வருடமும் நின்றுபோனால் எனக்குப் பொறுக்காது.

ரப்பர் மரங்களில் பால் பிடிக்கக் கட்டி, மழைநீர் தேங்கிய சிரட்டைகளைப் பெண்களே கவிழ்த்து விட்டார்கள். மிச்சம் ஆலயத்துப் பின்னால் உள்ள சிமெண்டுத் தொட்டி. அசனப் பாத்திரம் கழுவப் பிடித்து வைத்த மழைத்தண்ணீர். மேட்டில் வேறு தண்ணீர் ஏறாது, கொட்டிவிடவும் முடியாது. எட்டிப் பார்த்தால் நிறையப் புழு.

பழுப்புப் பொடியைக் கரைத்து, துணியில் வடித்து, பம்பில் ஊற்றி அடித்தேன். அந்தப் பொடிதான் பாக்டீரியா. கொசுப்புழு அதைத் தின்றால் வயிறு புண்ணாகிச் சாகும். மீனுக்கும் மாட்டுக்கும் நமக்கும் ஒன்றும் செய்யாது.

அசனச் சமையலுக்குத் தலைமை என் மைனி, அண்ணன் மனைவி. "ஏட்டி, கிருமியயா தண்ணியில கலக்குத? போன வருசம் கெடந்தது போராதா ஒனக்கு?" என்றாள்.

"நமக்கு முன்ன புழுவுக்கு அசனம் போடுதேன் மைனி."

விழுந்து விழுந்து சிரித்தாள்.

மறுநாள் பார்த்தால் புழு துள்ளுகிறது. தொட்டி விளிம்பெல்லாம் வெள்ளை. எங்கள் ஊரில் கிணறோ சாக்கடையோ, எதற்கும் மெம்பர் கொட்டுவது பிளீச்சிங் பவுடர்தான். மெம்பரைப் பிடித்துக் கேட்டேன்.

"நீ கிருமி கலக்குனியாம்னு சொன்னாவ. அதாம் கிருமிக்கு மருந்து போட்டேன்," என்றார்.

"மெம்பரே, அந்தக் கிருமிதாம் மருந்து. புழுவ விட்டுட்டு மருந்தக் கொன்னுட்டீரு."

"நீங்க சண்டை போடுங்க. புழு கேட்டுக்கிட்டு கெடக்கட்டும்," என்றாள் மைனி.

பிளீச்சிங் வாடை போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து, மறுபடி அடித்தேன். இந்தத் தடவை மைனி விளக்குமாறோடு தொட்டிக்குக் காவல் நின்றாள். மெம்பர் அந்தப் பக்கமே வரவில்லை. அடுத்த நாள் புழுவெல்லாம் செத்து மிதந்தது.

"கொள்ளாமே மக்கா," என்று மைனி என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

அசனம் நடந்தது. போன வருடம் சுவரைப் பிடித்து நடந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து தேங்காய் துருவினார்கள். மைனி பாடிக்கொண்டே கிடாரத்தைக் கிண்டினாள். மழை தூறியது, ஒருவரும் எழவில்லை. நான் கறிக்குழம்பை வெட்கமில்லாமல் திரும்பத் திரும்ப வாங்கினேன்.

அப்போதுதான் மெம்பர் மைக்கைப் பிடித்து, இந்த வருடம் காய்ச்சல் வராததற்குத் தான் போட்ட பிளீச்சிங்தான் காரணம் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். என் வாய் நிறையச் சோறு.

இப்போது வாய் காலியாக இருக்கிறது. மெம்பரே, அடுத்த கிராமசபையில் அதே மாதிரி மைக்கைப் பிடித்து, ஊர் முன்னால் சொல்லும்: அந்தத் தொட்டியில் புழுவைக் கொன்றது எது, நீர் கொன்றது எதை?