மைலோ பொட்டலமும் ஆறு மணி நேரமும்

நான் கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்பவள். வீடு கிள்ளானில், வேலை பெரும்பாலும் பிரிக்பீல்ட்ஸில். ஒரு நாள் ரயில் நிலையத்துக்கு வெளியே, குடித்து முடித்த மைலோ பொட்டலத்தை ஓரமாகப் போட்டுவிட்டு நடந்தேன். பத்தடி போவதற்குள் ஒருவர் வழிமறித்தார். சாதாரண உடையில் இருந்த, குப்பை போடுபவர்களைப் பிடிக்கும் அமலாக்க அதிகாரி.

"அக்கா, அது உங்க பொட்டலம்தானே? ஐசி குடுங்க."

அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன்.

கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அபராதத்தைக் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அபராதத்தோடு ஆறு மணி நேரம் தெருவைக் கூட்ட வேண்டும் என்றும் உத்தரவாயிற்று. அதுவும் பிரிக்பீல்ட்ஸில். என் வாடிக்கையாளர்கள் பாதிப் பேர் நடமாடும் இடம்.

கூட்ட வேண்டிய நாள் காலை எனக்கும் இன்னொருவருக்கும் பளபளக்கும் மேல்சட்டை, கையுறை, விளக்குமாறு கொடுத்தார்கள். அவர் செலாயாங் பாசார் சந்தைக்குக் காய்கறி ஏற்றிவரும் லோரி ஓட்டுநர். சிகரெட் துண்டு போட்டு மாட்டியவர்.

"எல்லாம் புதுசா இருக்கே," என்றார் அவர்.

எங்களை மேற்பார்வையிட்ட பெண் அதிகாரி சிரித்தார். "இந்த வருஷம்தான் அரசாங்கம் இதுக்குன்னு ஒதுக்கீடு குடுத்திருக்கு அண்ணே. கையுறைக்கு வந்துருச்சு, குப்பை அள்ளுற முறத்துக்கு இன்னும் வரல." முறத்துக்குப் பதிலாக ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்துக் கொடுத்தார்.

முதல் ஒரு மணி நேரம் நான் தலையே நிமிரவில்லை. லோரிக்காரரோ கூட்டிக்கொண்டே போய், அடைத்துக் கிடந்த சாக்கடைக்குள் கையை விட்டு ஒரு பெரிய பிளாஸ்டிக் மூட்டையை இழுத்தார். தேங்கிய தண்ணீர் சளசளவென்று ஓடியது. எதிரே சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவர், "பாஸ், தினமும் வாங்க லா," என்று ஆளுக்கொரு தே தாரேக் டீ கொண்டுவந்து கொடுத்தார்.

அதைக் குடிக்க நிமிர்ந்தபோதுதான், அந்தச் சனிக்கிழமை நான் அலங்காரம் செய்யவிருந்த கல்யாணப் பெண்ணின் அம்மா எதிரே நிற்பதைப் பார்த்தேன். கையில் பூக்கடைப் பை.

"என்னக்கா இது, கோயில் வாலன்டியரா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மேல்சட்டையின் முதுகில் தண்டனை விஷயம் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

"குப்பை போட்டு மாட்டிக்கிட்டேன்மா. கோர்ட்ல கூட்டச் சொல்லிட்டாங்க."

வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என் காதருகே குனிந்தார். "போன வாரம் நானும் கார்லேருந்து டிஷ்யூ போட்டேன்க்கா. யாரும் பாக்கல." இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

சனிக்கிழமை நான் போவதற்குள் கதை வீடு முழுக்கப் பரவியிருந்தது. மணப்பெண் முழுக்கதையையும் சொன்னால்தான் கண்மை போடக் கண்ணை மூடுவேன் என்றாள். லோரிக்காரர் சாக்கடையில் கை விட்ட இடம் வந்ததும் குலுங்கிச் சிரித்தாள். கண்மை காதுவரை இழுத்துக்கொண்டது. துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டேன். மாப்பிள்ளை வீட்டார் வாசலில் காத்திருந்தார்கள்.