சிப்பி ஏறிய கற்கள்

கருங்கல்லை உடைத்துப் பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி என்று சொன்னால் ராயபுரத்தில் சிரிக்கிறார்கள். "அதுக்கு இன்னாத்துக்கு காலேஜு? சம்மட்டி பத்தாதா?" என்று மீன் விற்கும் என் அத்தைகூடக் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் எனக்குத் தெரிய வேண்டியது வேறு. கடல் அரிக்காமலிருக்க எங்கள் தெருவுக்கு முன்னால் கொட்டியிருக்கிறார்களே, அந்தக் கற்களில் சிப்பி ஒட்டி வளர்ந்தால், வெயிலிலும் உப்பிலும் கல் விரிசல் விடுவது குறையுமா, கூடுமா? குறையும் என்று நம்பினேன். நம்பிக்கையை யார் ஆய்வேடாக ஏற்றுக்கொள்வார்கள்?

அதனால் ஒரே பாறையில் அறுத்த துண்டுகளை இரண்டு வலைப்பைகளில் போட்டு, அலை ஏறி இறங்கும் இடத்தில் கட்டிவைத்தேன். ஒரு பையில் சிப்பி ஏறட்டும் என்று விட்டுவிட்டேன். இன்னொன்றை வாரந்தவறாமல் சுரண்டிச் சுத்தமாக வைத்தேன். இரண்டுக்கும் காவல் என் அப்பா. ஃபைபர் படகில் மீன்பிடிக்கப் போகிறவர். கரைக்கு வந்ததும் என் கற்களை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார்.

கற்களைக் கல்லூரிக்குக் கொண்டுபோகும் நாள் வந்தது. எங்கள் ஆய்வுத் திட்டம் அந்த மாதத்தோடு முடிகிறது. மறுபடி கட்டிவைத்துக் காத்திருக்க அவகாசமில்லை. நான் முன்னால் போய் கல்லை அழுத்தி உடைத்துப் பார்க்கும் மெஷினைத் தயார் செய்தேன். அப்பா தோளில் சுமந்து வந்தார். வந்தது ஒரே ஒரு சாக்கு. பிரித்துப் பார்த்தால் எல்லாக் கற்களும் ஒன்றாகக் கிடந்தன, எல்லாமே பளிச்சென்று.

"சிப்பி எங்கேம்மா?" என்றார் மெஷின் பக்கத்தில் நின்ற என் பேராசிரியர்.

"நாந்தான் சார் சொரண்டுனேன்," என்றார் அப்பா, வாயெல்லாம் சிரிப்பாக. "பாப்பா ஒரு பையத்தான் சொரண்டிக்கினு இருந்துச்சு. இன்னொண்ணுக்கு டைம் கெடைக்கல போலன்னு, மணல் போட்டு நல்லா தேச்சுட்டேன். மாதா கோயில் தீர்த்தம் தெளிச்சுதான் எடுத்தாந்தேன்."

கரையேற்றிய படகை மறுபடி கடலில் இறக்கும்போது எங்கள் பக்கம் அப்படித்தான் செய்வார்கள். அடியைச் சுரண்டி, கழுவி, தீர்த்தம் தெளிப்பார்கள். என் கற்களையும் அப்படித்தான் அனுப்பிவைத்திருக்கிறார். அடையாளச் சீட்டுகளை நான் பையில்தான் கட்டியிருந்தேன், கல்லில் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது?

பேராசிரியர் மெஷினை அணைத்துவிட்டு வெளியே போனார். அப்பாவின் சிரிப்பு அடங்கியது.

"தப்பு பண்ணிட்டனாம்மா?"

"எது எந்தப் பையில இருந்த கல்லுன்னு தெரியணும் நைனா."

"அவ்ளோதானே?" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு கல்லாக எடுத்து, கட்டைவிரலால் தடவி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இது சிப்பி இருந்த கல்லு. மாதா மேல சத்தியமா இதான்." என் கையில் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து அதையே திரும்ப வாங்கி, "இது இல்லம்மா," என்று வேறொன்றை நீட்டினார்.

போதும் நைனா என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். அவர் நீட்டிய கல்லையெல்லாம் வாங்கி வாங்கி மேசையில் வைத்துக்கொண்டே இருந்தேன்.