சுகந்தி கேட்ட முதல் பக்கம்

செவ்வாய்க்கிழமை காலை சுகந்தியின் தோழி வாணி போன் செய்தார். "சார், சுகந்தியக்கா போயிட்டாங்க. குளிக்கப் போன எடத்துல வலிப்பு வந்து உளுந்துட்டாங்க. கதவ ஒடைச்சுத்தான் தூக்குனோம்." பிறகு, "நீங்க வருவீங்களா, மாட்டீங்களா?" என்றார். அப்படிக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. எங்கள் ஊர் ராயபுரத்தில் சுகந்தி குடியிருந்த மாடி அறைக்குப் போனபோது அவரைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். இடது நெற்றியில் புதுக் காயம். அதற்கு மேலே, முடிக்குள் ஓடும் பழைய தழும்பு. அந்தத் தழும்பு என்னால் வந்தது.

சுகந்தியைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கூட்டங்களில் அவர் பேசியதைக் கேட்டிருப்பீர்கள். எனக்கும் அவருக்கும் பழக்கம் எப்படி வந்தது என்பது சிலருக்குத்தான் தெரியும். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி நான் எதுவும் எழுத முடியாது.

காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் பையனாகப் பிறந்து, பதினாறு வயதில் வீட்டைவிட்டு வந்தவர். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை பார்த்துப் பிசிறு வெட்டுவது. நான் அப்போது ஒரு சின்ன மாலைப் பத்திரிகையில் நிருபர். ஊருக்குள் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக ஒரு பேச்சு கிளம்பியது. ஒரு பிள்ளையும் காணாமல் போகவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. டீக்கடையில் கேட்டதை வைத்து முதல் பக்கத்துக்கு ஒரு செய்தி எழுதினேன். பெண் வேடமிட்டவர்கள்தான் குழந்தைகளைக் கடத்துகிறார்கள் என்று எழுதினேன். இன்று திருநங்கை என்கிறோம். அன்று நான் போட்ட சொல்லை இங்கே திரும்ப எழுதமாட்டேன். கடைசி வரி மட்டும் சொல்கிறேன்: "பொதுமக்களே இவர்களுக்குப் பாடம் புகட்ட வேண்டும்."

மறுநாள் ஞாயிறு, பட்டப்பகல். தூக்குப் பாத்திரத்தோடு டீ வாங்க வந்த சுகந்தியைக் கடை வாசலிலேயே பிடித்தார்கள். யாரோ தகவல் சொல்ல, நான் கேமராவோடு ஓடினேன். கரண்ட் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். சேலையை உருவிவிட்டிருந்தார்கள். கத்தரியால் முடியை வெட்டியதில் காதும் கிழிந்திருந்தது. செருப்பால் அடித்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். "நான் பனியன் கம்பெனில செக்கிங்குங்க, ஐடி கார்டு இருக்குதுங்க, பாருங்க" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். இரும்புப் பைப்போடு ஒருவன் முன்னால் வந்தான். இரண்டாவது அடியில் பேச்சு நின்றது. இடது கண்ணிலிருந்து ரத்தம் கழுத்துவரை வழிந்தது.

நான் போட்டோ எடுத்தேன். தடுக்கவில்லை.

கூட்டத்தில் ஒரு மளிகைக்கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். தோளில் தட்டி, "ஏனுங்க ரிப்போர்ட்டர், நீங்க போட்டதுனாலதானுங்க புடிச்சோம்" என்றார். பாராட்டித்தான் சொன்னார்.

ஸ்டேஷனில் முதலில் சுகந்தியின் மேல்தான் வழக்குப் போட்டார்கள், பொது இடத்தில் தகராறு செய்ததாக. ஒரு வக்கீல் வந்து சண்டை போட்ட பிறகே அடித்தவர்கள் மேல் பதிவானது. "பத்திரிகையில் தூண்டிவிட்டு எழுதியதற்கு?" என்று வக்கீல் கேட்டார். எஸ்.ஐ. கையை விரித்தார். "சாதி, மதம், மொழின்னு பகையைத் தூண்டுனா செக்சன் இருக்குதுங்க. இவங்க எதுலீங்க வருவாங்க?" நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். என்னை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து எங்கள் அலுவலகத்துக் கண்ணாடி உடைந்தது. வாணியும் இன்னும் ஏழெட்டுப் பேரும் உள்ளே வந்தார்கள். ஒருவர் மேசையைக் கவிழ்த்தார். என் சட்டையைப் பிடித்து வாணி விட்ட அறையில் உதடு கிழிந்தது. கட்டுக்கட்டாக இருந்த பத்திரிகைகள் மேல் மண்ணெண்ணெய் கொட்டியாகிவிட்டது. தீப்பெட்டியை எடுத்தபோதுதான் பின்னாலிருந்து சுகந்தி வந்தார். கண்ணில் கட்டு, தலையில் துண்டு.

"எரிக்காதீங்கடி. எரிச்சா நாளைக்கு வேற பேருல இதையே போடுவாங்க. எனக்கு இந்தப் பேப்பர்ல எடம் வேணும்."

மூலையில் ஒதுங்கியிருந்த ஆசிரியர், உயிர் வந்தது போல, "வாசகர் கடிதத்துல போட்டுடலாம்மா" என்றார்.

"மொதல் பக்கத்துல அடிச்சுப்போட்டுக் கடிதத்துல மருந்து போடறீங்களா? அதே பக்கம், அதே அளவு. ஒரு எழுத்துக் கொறையப்படாதுங்க."

அங்கேயே உட்கார்ந்து எழுதினார். நான் திருத்தப் போனேன், பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். "என் பெயர் சுகந்தி. நான் ஒரு பிள்ளையையும் தொட்டதில்லை. என்னை அடித்தவர்களில் நான்கு பேரின் பிள்ளைகளுக்கு என் கை பிசிறு வெட்டிய பனியன்தான் உடம்பில் கிடக்கும்" என்று தொடங்கியது. பனியன் வாக்கியத்தில் அந்த நான்கு பேர் யார் என்று எனக்குப் புரியவில்லை என்றேன். "அடிச்சவங்களுக்குப் புரியுமுங்க" என்றார்.

புரிந்துதான் இருக்க வேண்டும். அது வெளியான மாலை பஸ் ஸ்டாண்டில் எங்கள் பத்திரிகையைக் குவித்துக் கொளுத்தினார்கள். பிறகு ஆபீசுக்கு வந்தார்கள். ஆசிரியரின் மூக்கு உடைந்தது. என் வலது கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினார்கள். இரண்டு விரல் எலும்பு முறிந்தது. அரசு ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த சுகந்தி கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். "எழுதுனதுக்கு அடிக்கறது தப்புங்க. உங்கள அடிச்சாலும் தப்புத்தானுங்க" என்றார். என் உதடு கிழிந்ததைப் பற்றியும் சேர்த்துச் சொன்னாரோ என்னவோ.

பிறகு கூட்டங்களில், இப்படிப்பட்ட பத்திரிகைகளையே தடை செய்ய வேண்டும் என்று யாராவது பேசினால் சுகந்தி எழுந்து மறுப்பார். "என்னையப் புடிக்கலைன்னு எழுதட்டுங்க. புடிச்சு அடின்னு எழுதப்படாது. அதுக்குத்தானுங்க சட்டம் வேணும்" என்பார். இந்த விஷயத்தைப் பற்றி நான் கேட்ட எந்தப் பேச்சிலும் இவ்வளவு தெளிவு இல்லை.

கம்பெனியில் வேலை நிலைக்கவில்லை. பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர்கள் சோதனைக்கு வரும் நாளில், யாரிடமும் பாகுபாடு காட்டுவதில்லை என்று பெரிய போர்டு மாட்டினார்கள். மேனேஜர் வந்து, "இன்னிக்கு ஒரு நாள் குடோன்ல உக்காந்துக்கம்மா, அவங்க கண்ணுல பட வேண்டாம்" என்றார். சுகந்தி நேராகப் போய் அந்த போர்டுக்குக் கீழே நின்றுகொண்டார். "இங்கதானுங்க எழுதியிருக்குது. இங்கயே நிக்கறேன்." பையர்கள் போன மறுநாள் வேலை போயிற்று. அதற்கப்புறம் அறையிலேயே ஒரு தையல் மெஷின் போட்டுப் பிழைத்தார்.

வழக்கு மூன்று வருடம் இழுத்தது. சாட்சிகள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். நான் எடுத்த போட்டோ மட்டும் நின்றது. அதற்குச் சாட்சி சொன்ன என்னிடம் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், "அந்தச் செய்தியை எழுதியது யார்?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். "அப்படியானால் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியது நீங்கள்தானே?" என்றார். ஆம் என்றேன். கோர்ட்டில் சிரித்தார்கள்; சுகந்தி சிரிக்கவில்லை. பைப்பால் அடித்தவனுக்கும் இன்னொருவனுக்கும் சில மாதச் சிறை, மற்றவர்கள் விடுதலை. எனக்கு ஒன்றுமில்லை. தலையில் பட்ட அடியால் சுகந்திக்கு வலிப்பு வரத் தொடங்கியது அந்த வருடம்தான்.

மருத்துவச் சான்றிதழில் வலிப்பு என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வலிப்பு எந்த வரியிலிருந்து புறப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். மாத்திரையால் பேச்சு கொஞ்சம் குழறியது. இத்தனை வருடமும் கேட்க நினைத்துக் கேட்காததை அன்று கேட்டுவிட்டேன்: "என்னை மன்னிச்சுட்டீங்களா?"

பார்வை மிஞ்சியிருந்த ஒற்றைக் கண்ணால் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. விருந்தாளியிடம் பேசுவது போலவே பதில் சொன்னார்.

"இல்லீங்க." பிறகு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார். "காப்பி குடிச்சுட்டுப் போங்க. அடுத்த மாசமும் வாங்க."

அவரை அடக்கம் செய்த அன்று ஆளுக்கொன்றாக அவருடைய பொருளை எடுத்துக்கொண்டார்கள். வாணி ஒரு சேலையை எடுத்துக்கொண்டார். என்னிடமும் ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். எனக்கு அந்த "இல்லீங்க" இருக்கிறது.