கமிட்டி தள்ளிய ஆறு வசனங்கள்

1. சிவப்புப் பேனா

எங்கள் கடையில் மெஷின் நின்றால் அது நெருக்கடி அல்ல. நான் ஸ்பேனரைக் கையில் எடுத்தாலே அது பயத்தில் ஓட ஆரம்பித்துவிடும். நெருக்கடி என்றால் கமிட்டி வருவது.

நான் ஆறாம் வகுப்பைத் தாண்டவில்லை. சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஓர் அச்சகத்தைக் கூட்டிப் பெருக்க வந்தேன். பிறகு அதையே வாங்கினேன். லிட்டில் இந்தியாவில் கல்யாணப் பத்திரிகையோ சாப்பாட்டுக் கடை மெனுவோ கோயில் நோட்டீஸோ, என் கை படாமல் வெளியே போனது குறைவு. அச்சுத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன். பட்டம் வாங்கியவர்களும் படிக்கலாம், தடை இல்லை.

எங்கள் தமிழ்ச் சபையில் புத்தாண்டுக் காலை ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது வழக்கம். பெரிய கிண்ணம் நிறைய சின்னச் சின்ன அட்டைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தால், அந்த வருடத்துக்கு ஆண்டவர் நமக்குத் தந்த வாக்கு அதுதான். அந்த அட்டைகளை வருடாவருடம் அடித்துக் கொடுப்பது நான்.

ஒரு நவம்பரில், அச்சுக்கு ப்ளேட் போடப் போகும் நேரத்தில் சபைச் செயலாளர் சாமுவேல் வந்தார். நாற்பது வயது, இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். அவர் சிரித்தால் நமக்கு எங்காவது கையெழுத்துப் போட வேண்டும்போல இருக்கும். அவர் கையில், சரிபார்க்க நான் அனுப்பிய ப்ரூஃப். ஆறு வசனங்களின் மேல் சிவப்புக் கோடு.

"அங்கிள், இந்தத் தடவ பாசிட்டிவ் வசனம் மட்டும் போதும் லா. உபத்திரவம், கண்ணீர், பொறுமை, இதெல்லாம் வேணாம்னு கமிட்டி முடிவு பண்ணிட்டாங்க."

"ஏன் தம்பி, ஆண்டவர் கம்ப்ளெய்ன்ட் பண்ணாரா?"

"போன தடவ ஒரு சிஸ்டருக்கு உபத்திரவ வசனம் வந்துச்சு. அங்கேயே அழுதுட்டாங்க. பாக்க ஒரு மாதிரி ஆயிடுச்சு. மக்கள் ஹோப் தேடித்தானே சர்ச்சுக்கு வர்றாங்க?"

"உபத்திரவத்த எடுத்துட்டா பைபிள்ல என்ன தம்பி மிஞ்சும்? முன்னாடி அட்டை, பின்னாடி மேப்பு."

"நீங்க பிரிண்ட் பண்ணுங்க அங்கிள். தியாலஜிய நாங்க பாத்துக்குறோம்."

2. காலிக் கட்டம்

ஒரு ஷீட்டில் இருபத்துநான்கு அட்டை அடங்கும். ஆறு போனால் ஆறு கட்டம் வெள்ளையாக நிற்கும். அச்சுக்காரனுக்கு அது சோற்றைத் தரையில் கொட்டியது போல. வழக்கமாக அந்த இடத்தில் யாருடைய விசிட்டிங் கார்டையாவது சேர்த்து அடித்துவிடுவோம். அந்த வாரம் அப்படி ஆர்டர் எதுவும் இல்லை. கமிட்டி தள்ளிய ஆறும் தயாராக இருந்தன. அவற்றையே போட்டேன். முன்னூறு ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, மேட் லேமினேஷன், எல்லாவற்றுக்கும் ஒரே தரம். வெட்டி முடித்ததும் பதினெட்டு வகை சபைக்குப் போனது. ஆறு வகை என் கவுன்டரில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போனது.

சாம்பலில் உட்கார்ந்து ஓட்டுத்துண்டால் உடம்பைச் சுரண்டிய யோபு, சிறையில் தொழுமரத்தில் கால் மாட்டிக் கிடந்தபோது பாடிய பவுலும் சீலாவும், மீன் வயிற்றுக்குள்ளிருந்து கூப்பிட்ட யோனா. கமிட்டி தள்ளியவர்களைப் பார்த்தால் டின்னுக்குள்தான் நல்ல சபை இருந்தது.

3. சைஸ் சரியில்லை

புத்தாண்டு வந்தது. ஜெயராணி என்கிற சகோதரி கிண்ணத்தில் கை விட்டார். புக்கிட் பாத்தோக்கில் வீடு, பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை. கணவர் ஸ்ட்ரோக் வந்து படுத்த படுக்கை, பேச்சும் போய்விட்டது. அவருக்கு வந்த வசனம், களைப்படையாமல் ஓடுவதைப் பற்றியது.

"சூப்பர் சிஸ்டர்! க்ளெய்ம் பண்ணுங்க!" என்றார் சாமுவேல் மைக்கில். அவர் ஆபீசில் க்ளெய்ம் பண்ணப் போனால் ஒரு கட்டுப் பேப்பர் கேட்பார். சபையில் கைதட்டினால் போதும்.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒரு நாள் மத்தியானம், வேலை முடிந்த கையோடு ஜெயராணி கடைக்கு வந்தார். அட்டையைக் கவுன்டரில் வைத்தார்.

"அண்ணே, இத மாத்திக் குடுங்க."

"துணிக்கடைன்னு நெனச்சியாம்மா?"

"சைஸ் சரியில்லண்ணே. களைக்காம ஓடுவேனாம். கேன்டீன்ல நின்னுட்டு வீட்டுக்குப் போனா, அவரப் பொரட்டிப் படுக்க வைக்கணும். முழுசாத் தூங்கி எத்தன மாசமோ. எங்க வீட்டுல களைக்காம ஓடுறது ஃபேன் ஒண்ணுதான்."

"நான் என்னம்மா பண்றது? போன வருஷம் யாரோ அழுதாங்களாம். அதனால சந்தோஷ வசனம் மட்டும் போடச் சொல்லிட்டாங்க."

"அழுதது நான்தாண்ணே."

நான் ஸ்டூலை இழுத்து அவர் பக்கம் போட்டேன். இது அடிக்கடி நடப்பதில்லை.

"கஷ்டத்துல அழலண்ணே. நான் படுற பாடு ஆண்டவருக்குத் தெரிஞ்சிருக்கேன்னு அழுதேன். அந்த அட்டையாலதான் போன வருஷத்தத் தாண்டினேன். இந்த வருஷம் வேற யாருக்கோ எழுதினத எனக்குக் குடுத்த மாதிரி இருக்கு." அட்டையை என் பக்கம் தள்ளினார். "இனிமே சர்ச்சுக்கு வரலண்ணே. அதச் சொல்லத்தான் வந்தேன். நேத்து சமையக்கட்டுல உக்காந்து, போதும் ஆண்டவரேன்னு சொல்லிட்டேன். அப்படிச் சொன்ன வாயோட அங்க வந்து கைதட்ட முடியல."

நான் டின்னைத் திறந்து தேடி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் படித்தார். மறுபடியும் படித்தார்.

"இது பைபிள்லயா இருக்கு?"

"எலியாம்மா. வானத்துலேருந்து நெருப்ப எறக்கின ஆளு. அடுத்த அத்தியாயத்துல ஒரு சூரைச்செடிக்குக் கீழ உக்காந்துட்டு, போதும், உசிர எடுத்துக்கோங்கன்னு சொல்றாரு. ஆண்டவர் என்ன பண்ணாரு தெரியுமா?"

"திட்டினாரா?"

"தூங்க விட்டாரு. தூதன் வந்து எழுப்பி, சுட்ட அடையும் தண்ணியும் குடுத்தான். தின்னுட்டு மறுபடியும் தூங்கினாரு. மறுபடியும் எழுப்பி மறுபடியும் சாப்பாடு. அதுக்கப்புறம்தான் நடக்கவே சொன்னாங்க. நடுவுல யாரும் கைதட்டச் சொல்லல."

ஜெயராணி சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"அந்தத் தூதனுக்கு புக்கிட் பாத்தோக் வழி தெரியுமாண்ணே?"

"எனக்குத் தெரியும்" என்றேன்.

அந்த வாரத்திலிருந்து சனிக்கிழமை மத்தியானங்களில் தோசைப் பொட்டலத்தோடு எம்ஆர்டி ரயில் ஏறினேன். ஒரு கம்பெனி முதலாளி, நானே. ஜெயராணி சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் தூங்குவார். நான் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, கடையை வளர்த்த கதையைச் சொல்வேன். அதைக் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்ட ஒரே மனிதர் அவர்.

4. அப்ரூவல்

விஷயம் சாமுவேல் காதுக்குப் போனது. கடைக்கு வந்தார்.

"அங்கிள், அப்ரூவ் ஆகாத வசனம் வெளிய சுத்துதாமே?"

"அது ரொம்பக் காலமா பிரிண்ட்லதான் இருக்கு தம்பி."

போன வருடம் அழுதது யார், ஏன் அழுதார் என்று சொன்னேன். சிரிப்பு இல்லாத அவர் முகத்தை அன்றுதான் பார்த்தேன். பரவாயில்லை, நல்ல முகம்தான். அடுத்த நவம்பரில் அவரே ப்ரூஃபைக் கொண்டுவந்தார். ஆறு வசனமும் திரும்ப வந்திருந்தன.

"கமிட்டி ஓக்கே சொல்லிட்டாங்க அங்கிள். அந்த ஆறுக்கு மட்டும் ஃபான்ட் கொஞ்சம் சின்னதாப் போடலாமா?"

இன்ஷூரன்ஸ்காரர் இல்லையா, கஷ்டமானதைச் சின்ன எழுத்தில் போடும் தொழில் புத்தி போகாது. எல்லாவற்றையும் ஒரே சைஸில் அடித்தேன்.

இளையவர்களே, ஷீட்டில் காலி இடம் விடாதீர்கள். இன்னொன்றும் உண்டு. விழுந்து கிடப்பவரிடம் களைக்காமல் ஓடுவாய் என்று சொல்வதைவிட, முன்னே ஒருவர் இதே மாதிரி விழுந்து கிடந்தார், அவருக்குச் சாப்பாடு வந்தது, எழுந்து நடந்தார் என்று காட்டுவது மேல். வேதத்தில் எனக்குப் பிடிபட்ட நம்பிக்கை அவ்வளவுதான். கையில் தோசையும் இருந்தால் இன்னும் நல்லது.

அந்தப் புத்தாண்டுக் காலையில் ஜெயராணி சபைக்கு வந்திருந்தார். சாமுவேல் கிண்ணத்தை நீட்டினார்.

"எடுங்க சிஸ்டர், புது வருஷம்."

ஜெயராணி கைப்பையைத் திறந்து எலியா அட்டையைக் காட்டினார். மூலைகூட மடங்கவில்லை.

"எனக்கு வேணாம் தம்பி. போன வருஷத்துதே இன்னும் தீரல."

ஒரு வருடத்துக்கென்று அடித்த அட்டை. லேமினேஷன் அப்படி என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.