மூன்றாம் அத்தியாயம் யாருடையது

கொல்லத்து முந்திரி ஆலைகளைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வேடுகளை அடுக்கினால் ஓர் ஆலைக்கே மதில் கட்டிவிடலாம். எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆலை வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பியவர்கள். லதிகா உள்ளே போனவள். ஓடு உடைக்கும் பெண்களோடு வரிசையில் உட்கார்ந்து, ஓட்டெண்ணெய் பட்டு விரல் தோல் உரிந்து, அவர்கள் வாயிலும் விழுந்து எழுந்தவள்.

"டீச்சரே, நீ உடைச்ச பருப்பை அணில்கூட முகர்ந்து பார்க்காது" என்பாள் வரிசையில் மூத்தவளான ஓமனா சேச்சி. வரிசை முழுக்கச் சிரிக்கும்.

கல்லூரியில் லதிகா தற்காலிக ஆசிரியை. நிரந்தர வேலைக்கு டாக்டர் பட்டம் வேண்டும். வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. பட்டத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் வழிகாட்டி டாக்டர் சுதர்சனன். மேடை, மாலை, முன்னுரை என்று ஊரெல்லாம் சுற்றியதில் படிக்க மட்டும் நேரம் கிடைக்காத மனிதர். அவருடைய சிவப்புப் பேனாவுக்குத் தெரிந்த திருத்தம் ஒன்றே ஒன்றுதான்: ஓரத்தில் 'யார் சொன்னது?' என்று எழுதுவது. ஜூனில் மழை பெய்யும் என்று எழுதினாலும் யார் சொன்னது என்று கேட்பார். இதற்குப் பல்கலைக்கழகத்தில் கண்டிப்பு என்று பெயர்.

லதிகாவின் ஆய்வேட்டில் உயிர் இருந்தது மூன்றாம் அத்தியாயத்தில். ஆலையில் கையுறை கொடுத்தும் பெண்கள் ஏன் போடுவதில்லை? அறியாமை, பழக்கம் என்று எல்லோரும் எழுதிவைத்திருந்தார்கள். லதிகா கண்டது வேறு. மூடிய ஆலை மறுபடி திறக்கும்போது, ஓட்டெண்ணெயில் கறுத்த கைதான் அனுபவத்துக்குச் சான்று. கை வெளுத்திருந்தால் புதியவள் என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒதுக்குவது யார்? 'மேஸ்திரி' என்று முதல் வரைவில் எழுதியிருந்தாள். அந்த வரிக்கு நேராகவும் 'யார் சொன்னது?' வந்தது.

மற்ற இடங்களில் எரிச்சல்பட்டவள் இந்த இடத்தில் திடுக்கிட்டாள். யாருமே சொல்லவில்லை. மேசையில் உட்கார்ந்து அவளே இட்டுக்கட்டியது. மறுநாளே ஆலைக்குப் போய்க் கேட்டாள்.

"மேஸ்திரியா? அவனுக்குப் பருப்புக்கும் பல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. நாங்கதான் பார்ப்போம். வெள்ளைக் கைக்காரி பக்கத்துல உக்காந்தா எங்க வேலையும் கெடும். இடம் குடுக்க மாட்டோம்" என்றாள் ஓமனா சேச்சி.

அத்தியாயமே தலைகீழானது. முதலாளியின் ஆளைக் குற்றம் சாட்டுவது சுலபமாக இருந்தது. தன்னோடு கஞ்சி பகிர்ந்த பெண்களைப் பற்றி உண்மை எழுதுவது கஷ்டமாக இருந்தது. எழுதினாள். அடித்தாள். மறுபடி எழுதினாள். இரண்டாம் வரைவைக் கொண்டுபோய் வைத்து, ஆலையில் ஓமனாவிடம் கேட்டு எழுதியிருக்கிறேன் என்றபோது சுதர்சனன் அதைத் திறக்கவில்லை.

"ஓமனான்னு ஒருத்தி சொன்னாளாம். அது ஆதாரமா? அச்சுல வந்ததைக் காட்டு."

"இதுவரைக்கும் யாரும் எழுதலையே சார்."

"அப்போ அப்படி ஒண்ணு இல்லைன்னு அர்த்தம். வேணாம், அதை எடுத்துடு."

எடுக்க மாட்டேன் என்று சொல்லும் துணிச்சல் அவளுக்கு அன்று வரவில்லை. யோசிக்கிறேன் என்று வந்துவிட்டாள். சில மாதம் கழித்து அவரே கூப்பிட்டனுப்பினார். டீயும் சுகியனும் வரவழைத்தார். சுகியனைப் பார்த்ததுமே அவள் சுதாரித்திருக்க வேண்டும். ஓர் ஆய்விதழை எடுத்து நீட்டினார். 'கறுத்த கைகள்: ஒரு புதிய பார்வை.' எழுதியவர் டாக்டர் சுதர்சனன்.

"இப்ப ஆதாரம் கிடைச்சாச்சு இல்லையா? என் பேரைப் போட்டு அடிக்குறிப்பு குடுத்துடு. உனக்காகத்தான் மெனக்கெட்டு எழுதினேன் மோளே."

அவர் முகத்தில் வெட்கமோ கள்ளமோ இல்லை. வாரிக்கொடுத்த வள்ளலின் நிறைவுதான் இருந்தது. லதிகா இதழை வாங்கிக்கொண்டாள். நன்றி சார் என்றாள். அதைச் சொன்ன வாயை அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

வராந்தாவில் சக ஆய்வாளன் ஷிபு நின்றிருந்தான். அவனுடைய முதல் அத்தியாயம் ஏற்கெனவே சாரின் புத்தகத்தில் குடிபோய்விட்டது.

"சுகியன் குடுத்தாரா சேச்சி? எனக்கு வெறும் டீதான்."

பேருந்தில் கட்டுரையைப் படித்தாள். வரிக்கு வரி அவளுடையது. கைகளைப் பார்த்து ஒதுக்குவது மட்டும் மேஸ்திரி. ஊரையெல்லாம் யார் சொன்னது என்று கேட்ட மனிதர் தன்னை மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. முதல் வரைவை அப்படியே தூக்கியிருக்கிறார். இரண்டாவதைத் தொடக்கூட இல்லை. சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். சொன்னால் திருத்தத்தையும் தூக்கிக்கொள்வார்.

சொன்னபடி அடிக்குறிப்பு போட்டாள்: 'இதற்கு மாறான கருத்துக்குப் பார்க்க, சுதர்சனன்.' அவர் தன் பெயர் இருக்கிறதா என்று மட்டும் தேடிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வாய்மொழித் தேர்வுக்குத் துறையே கூடியிருந்தது, பாதி தேர்வுக்கு, பாதி உள்ளிவடைக்கு. தேர்வாளராக மைசூரிலிருந்து வந்திருந்த மாலினி ஹெப்பார் ஆய்வேட்டில் காகிதத் துண்டுகள் செருகிக் கொண்டுவந்திருந்தார். முழுக்கப் படித்துவிட்டு வந்த ஆளைக் கண்டு துறைக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"மூணாவது அத்தியாயத்தோட மையமே உங்க வழிகாட்டியோட கட்டுரைல இருக்கு. அது இல்லாம இதுல உங்களோடதுன்னு என்ன இருக்கு? போதாததுக்கு அவரையே மறுக்கறீங்க. மேஸ்திரிதான் கையைப் பார்க்கறார்னு அவர் எழுதறார். கூட வேலை செய்ற பொம்பளைங்கன்னு நீங்க எழுதறீங்க. இதுக்கு பதில் வராம நான் கையெழுத்துப் போட முடியாது."

சுதர்சனன் பெருந்தன்மையாகச் சிரித்தார். "பிள்ளைங்கதானே மேடம். கள ஆய்வுல பிழை வரத்தான் செய்யும்."

லதிகா எழுந்து நின்றாள்.

"பிழை என்னோடதுதான் மேடம். சாரோட கட்டுரைல இருக்கறது என் முதல் வரைவு. உங்க கையில இருக்கறது நான் திருத்தினது."