ஈர்க்குச்சி அளவு

போன மாதம் புதுக்கோட்டையில் ஓடுவதற்கென்றே ஒரு ஷூ வாங்கினேன். தொப்பையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் கட்டளை. கடைக்காரர் அதை வளைத்து, முறுக்கி, பரோட்டா மாவு மாதிரி சுருட்டிக் காட்டி, “போட்டிருக்கிறதே தெரியாது சார், வெறுங்கால்ல ஓடுற மாதிரியே இருக்கும்” என்றார். வெறுங்காலில் சும்மாவே ஓடியவன் நான். அதற்கு இவ்வளவு விலை உண்டென்று தெரிந்திருந்தால் அப்போதே பத்திரப்படுத்தியிருப்பேன்.

கறம்பக்குடிப் பக்கம் எங்கள் ஊர். ஐந்தாம் வகுப்பில் என்னை முந்த ஆள் கிடையாது. காரணம் திறமை அல்ல. பள்ளிக்கூடம் போகிற வழியில் இருந்த ஒரு நாய். துபாயில் வேலை பார்த்த சித்தப்பா காதுக்கு என் புகழ் எட்ட, ஷூ அனுப்புகிறேன், கால் அளவு கொடுத்துவிடுங்கள் என்று சொல்லியனுப்பினார்.

அளவு என்றால் எங்களுக்கு ஈர்க்குச்சிதான். குதிகாலிலிருந்து கட்டைவிரல் வரை வைத்து ஒடிக்க வேண்டும். வளர்கிற பிள்ளை என்று அம்மா ஒரு விரல்கடை கூட்டி ஒடித்தாள். அது காணாது என்று அப்பா வேறு குச்சி எடுத்து இன்னொரு விரல்கடை கூட்டினார். லீவு முடிந்து கிளம்பிய ஊர்க்காரர் ஒருவரின் பெட்டியில், ஊறுகாய்க்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு அந்தக் குச்சி துபாய் போனது.

ஷூ வந்தது. கூடவே சித்தப்பா பேசி அனுப்பிய கேசட். வீடே டேப்பைச் சுற்றி உட்கார்ந்தது. எல்லோரையும் விசாரித்துவிட்டுக் கடைசியாக என்னிடம் வந்தார்.

“தம்பி, குச்சிக்கு மேலயும் கொஞ்சம் பெருசாத்தான் எடுத்திருக்கேன். நான் ஊருக்கு வாரப்ப ஒனக்குச் சரியா இருக்கும்.”

அப்பாவும் அம்மாவும் சிரித்தார்கள். கல்யாணமான சூட்டோடு சித்தப்பாவை விமானம் ஏற்றிவிட்டு எங்களோடு இருந்த சித்தி மட்டும் சிரிக்கவில்லை. ஷூவை என் காலில் மாட்டி, முன்னால் காலியாகக் கிடந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு கோழி அடைக்க வேண்டும் என்று எழுந்து போனாள். அப்போது உச்சி வெயில்.

பள்ளி விளையாட்டு விழாவில் ஷூவோடு நான் முதலாவதாக வருவதைப் படம் எடுத்துத் துபாய்க்கு அனுப்புவதென்று அப்பா போட்டோக்காரருக்குச் சொல்லி வைத்திருந்தார். அதனால் கழற்றவும் வழியில்லை. பழைய வேட்டித் துணியைத் திணித்துக்கொண்டு கோட்டில் நின்றேன். எப்போதும் எனக்குப் பின்னால் வருகிற கோடிவீட்டுப் பையன் என் காலைப் பார்த்து, “ஏன்டா, ஓட வந்தியா, படகு விட வந்தியா?” என்றான்.

விசில் ஊதியதும் ஓடினேன். பாதித் தூரத்தில் இடது ஷூ என்னை முந்திக்கொண்டு போனது. துபாய்ச் சாமான், விட்டுவிட்டு ஓட மனசு வரவில்லை. அதை எடுத்துக் கையில் பிடித்தபடி, ஒரு கால் ஷூவும் ஒரு கால் சரளையுமாக நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, கோடிவீட்டுப் பையன் பரிசாகக் கிடைத்த டிபன் பாக்ஸைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போட்டோக்காரர் மட்டும் கடமை தவறவில்லை. படம் துபாய் போய்ச் சேர்ந்ததும், நான் தூக்கிப் பிடித்திருந்த ஷூவைக் கோப்பை என்று நினைத்து, சித்தப்பா தன் அறைக்காரர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தாராம். அந்தப் படம் இன்றும் அவர் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது.

அதன்பிறகு பழையபடி வெறுங்காலில்தான் ஓடினேன். ஆனால் சித்தி விடவில்லை. திடீர் திடீரென்று, “தம்பி, அந்த ஷூவக் கொஞ்சம் போடு பாப்போம்” என்பாள். முன்பக்கத்தை அழுத்துவாள். இடம் குறைந்திருந்தால் அன்றைக்கு எனக்கு ஒரு முறுக்கு கூடுதல். நான் ஜெயிக்க வேண்டும் என்று இந்த வீட்டில் சித்தி ஒருத்திக்குத்தான் அக்கறை என்று நினைத்து, சீக்கிரம் வளரட்டும் என்று கால்விரல்களை இழுத்து விட்டுக்கொள்வேன்.

ஒருநாள் அழுத்தினாள், விரல்தான் தட்டுப்பட்டது, இடமே இல்லை. அன்று சித்தி கேசரி கிண்டினாள். விளையாட்டு விழாவுக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறதே, இப்போது எதற்குக் கேசரி என்று யோசித்துக்கொண்டே இரண்டாம் தடவையும் வாங்கித் தின்றேன்.